மஞ்சத் தண்ணில ஊறுன பெல்ட்டு

முதுகுக்குப் பின்னாடி ரெண்டு தலவாணி வச்சிகினு தான் ஒரு வருஷம் கிட்ட காரு ஓட்டினேன். ஒன்னு பஞ்சு தலவாணி. இன்னொன்னு அம்மாவோட பழைய பொடவய மடிச்சி தச்சது. எங்க அண்ணன் ஆறடி உயரம். டிரைவர் சீட்ட கடைசி வரைக்கும் பின்னாடி தள்ளி வச்சிட்டு, அப்பவும் முட்டி இடிக்குதுன்னு பொலம்பிகினே ஓட்டுவான். நான் அவன் தோளுக்குக் கூட வரமாட்டேன். சீட்டுக்கு கீழ ஒரு கம்பி இருக்குது. அத தூக்கிட்டு முன்னாடி தள்ளினா வேல முடிஞ்சிது, தலவாணியே வேணாம். அது எனக்கு தெரியாம இல்ல. ஆனா அவன் கடைசியா உக்காந்த எடம் அது. நகுத்திட்டா அப்புறம் அந்த எடம் எதுன்னு யாருக்கும் தெரியாது. அதனால நகுத்தல. ரோட்ல பாக்கறவங்களுக்கு, நலங்குக்கு உக்கார வச்ச பொண்ணு மாதிரி ஒருத்தி தலவாணில சாஞ்சிகினு காரு ஓட்டினு போவா.

சேவூர்ல எங்க வூட்ல ரெண்டு தறி. ஒன்னு அம்மாது, ஒன்னு என்னுது. ஒம்பதாவதோட பள்ளிக்கூடத்துக்கு டாட்டா சொல்லிட்டு தறில எறங்கினவ நான். அண்ணனுக்கு தறில உக்கார முடியாது, காலு குழில மடங்காது. அதனால பழைய டீசல் காரு ஒன்னு எடுத்து, தெருவுல நெய்யற பொடவைங்கள ஆரணி கடைங்களுக்கு கொண்டு போறது, வரும்போது பட்டு, ஜரிகை ஏத்தினு வர்றதுன்னு ஓடிகினு இருந்தான். ஒரு நாள் காய்ச்சல்னு படுத்தான். ஆம்புலன்ஸ்ல வேலூருக்கு கூட்டினு போனோம். எட்டாவது நாள் அதே மாதிரி ஒரு வண்டில திரும்பி வந்தான். காரு மட்டும் வூட்டு வாசல்ல அவன் வுட்டா மாதிரியே நின்னுகினு இருந்துது, ஜன்னல் ஒரு வெரக்கட எறங்கி.

பதினாறாம் நாள் முடிஞ்ச கையோட மாமா, அம்மாவோட தம்பி, காரை வித்துடலாம்னு சொன்னாரு. ஓட்ட ஆளில்லாத வண்டி வாசல்ல எதுக்குன்னாரு. நான் ஓட்டறேன்னேன். அண்ணன் எனக்கு ஏரிக்கர மேல ஓட்ட கத்துக் குடுத்திருந்தான், அம்மாவுக்கு தெரியாம. அழுதுகினு இருந்த அம்மா அத கேட்டதும் அழுகைய நிறுத்திட்டு என்ன திட்ட ஆரம்பிச்சா. ரெண்டு மாசம் கெஞ்சி லைசென்சு எடுத்தேன். அப்ப அம்மா ஒரு கண்டிஷன் போட்டா. வருஷம் திரும்பற வரைக்கும் ஓட்டு. வண்டி ஒழுங்கா ஓடிச்சின்னா நம்ம வூட்லயே இருக்கட்டும். ஒரே ஒரு நாள் நடு ரோட்ல நின்னு பேஜார் பண்ணிச்சின்னா, அன்னிக்கே சாவி மாமா கைல. நான் சாமி படத்து மேல கை வச்சி ஒத்துகினேன்.

அம்மாவுக்கு இன்னொரு சட்டமும் இருந்துது. சாவு வுழுந்த வூட்ல வருஷம் திரும்பற வரைக்கும் புதுசு கூடாது. தீபாவளிக்கு துணி எடுக்காம இருப்பாங்க இல்ல, அந்த மாதிரி இல்ல. அம்மாவுக்கு எதுவுமே புதுசு கூடாது. நான் கைக்கொழந்தயா இருக்க சொல்ல அப்பா போய்ட்டாரு. அந்த வருஷம் தெரியாத்தனமா புதுசா ஒரு கொடம் வாங்கிட்டாளாம். அதனால தான் இருவது வருஷம் கழிச்சி அண்ணன் போனான்னு அவ மனசுல. கொடத்துக்கும் காய்ச்சலுக்கும் இன்னா சம்மந்தம்னு கேட்டா, உனக்கு இன்னா தெரியும்னுடுவா. எங்க வூட்டு தொடப்பம் தேஞ்சி தேஞ்சி பல்லு வெளக்கற பிரஷ்ஷு அளவுக்கு வந்துடுச்சி. பக்கத்து வூட்ல இருக்கற எங்க அத்தை, அப்பாவோட தங்கச்சி, ஒரு புது பக்கெட்ட மண்ணுல பொரட்டி அழுக்காக்கி, பழசு அண்ணின்னு கொண்டாந்து குடுத்தாங்க. அம்மா அத மோந்து பாத்தா. புது பிளாஸ்டிக்கு வாசனய மறைக்க முடியல. பக்கெட்டு திரும்பி போச்சி.

இந்த நெலமைல தான் மெக்கானிக்கு பெல்ட்டு மாத்தணும்னாரு.

மெக்கானிக்கு அண்ணனோட ஃபிரெண்டு. ஆரணில சின்னதா ஷெட்டு. ஆயில் மாத்த போனப்ப இன்ஜின் ஓரமா ஒரு மூடிய கழட்டி உள்ள டார்ச்சு அடிச்சி காட்டினாரு. உள்ள பல்லு வச்ச ரப்பர் பெல்ட்டு ஒன்னு. முழுக்க வெடிப்பு. பாத்ததும் எனக்கு அத்தையோட குதிகாலு தான் ஞாபகம் வந்துது. இத மாத்து மாத்துன்னு உன் அண்ணன் கிட்ட சொல்லிகினே இருந்தேன், அடுத்த மாசம் அடுத்த மாசம்னான், இப்ப நீயாவது கேளு தங்கச்சின்னாரு. அறுந்தா மாத்திக்கலாமேன்னு நான் சொன்னேன். எங்களுக்கு அப்படித்தான் பழக்கம். தறில இழை ஒரு நாளைக்கு நூறு வாட்டி அறும், முடிச்சி போட்டுட்டு நெய்வோம். அறுந்து போறதுக்கு முன்னாடியே எவன்னா முடிச்சி போடுவானா? அவரு தலைல அடிச்சிகினாரு. இது அறுந்தா முடிச்சி இல்ல, இன்ஜினே இல்லன்னாரு.

பயந்துட்டேன். புது பெல்ட்டு ஒன்னு வாங்கினு வந்து அரிசி டின்னுல ஒளிச்சி வச்சேன். மறுநாள் ஷெட்டுக்கு எடுத்துனு போறதுன்னு பிளான். ஆனா அம்மா ஒல வைக்க அரிசி எடுக்க போனவ, பாம்புன்னு அலறிட்டா. அத்தை கட்டையோட ஓடி வந்தாங்க. அப்புறம் மூனு பேரும் அரிசி டின்ன சுத்தி உக்காந்து, அது பெல்ட்டுன்னும் புதுசுன்னும் பேச்சு வந்துது. மாத்தலன்னா இன்ஜினே போய்டும்னு மெக்கானிக்கு சொன்னத சொன்னேன். அம்மா பழைய பெல்ட்டா கெடைக்காதான்னு கேட்டா. இருக்கறதே பழசு தான்மான்னேன். அத்தை அந்த பெல்ட்ட எடுத்து இடுப்புல வச்சி பாத்தாங்க. ஒட்டியாணம் மாதிரி ஒரு நாள் கட்டிகினு வேல செஞ்சா பழசாயிடும், அப்புறம் வண்டில மாட்டுங்கன்னாங்க. அவங்க இடுப்புல பாதிக்கு மேல சுத்தல. அதுக்கு நான் சிரிச்சேன். அம்மா சிரிக்கல. அவ சிரிச்சி அப்ப பத்து மாசம் ஆயிருந்துது.

கடைசில அம்மாவே வழி கண்டுபுடிச்சா. புதுத் துணிய தண்ணில நனைச்சிட்டா அது கோடித் துணி இல்ல. அத மாதிரி பெல்ட்டயும் நனைச்சிட்டா புதுசுன்ற தோஷம் போய்டும். கேக்க நல்லா தான் இருந்துது. எனக்கும் அந்த நேரத்துல அது சரின்னே பட்டுது, இப்ப நெனச்சா என்னயே அறயலாம் போல இருக்குது. அம்மா மஞ்சத் தண்ணி கரைச்சி ஒரு பகல் முழுக்க பெல்ட்ட ஊறப் போட்டா. சாயந்தரம் எடுத்து கொடில கிளிப்பு மாட்டி காய வச்சா. காஞ்சதும் வெறப்பா இருக்குன்னு நல்லெண்ண தொட்டு நல்லா நீவி வுட்டா. மஞ்சளும் எண்ணெயுமா பளபளன்னு, தலைக்கு குளிப்பாட்டின கொழந்த மாதிரி இருந்துது அந்த பெல்ட்டு.

மெக்கானிக்கு அத ரெண்டு வெரல்ல புடிச்சி தூக்கி பாத்தாரு. மோந்து பாத்தாரு. இத வண்டில போடணுமா தாளிக்கணுமான்னு கேட்டாரு. அப்புறம் சிரிச்சிகினே இருந்தவரு சட்டுனு நிறுத்திட்டு, எண்ண பட்ட ரப்பர் ஊதிடும், வழுக்கும், இத நான் போட்டா உன் அண்ணன் என்ன மன்னிக்க மாட்டான்னாரு. வேற புதுசு வாங்கிகினு வான்னாரு. இன்னொரு புதுசுக்கு அம்மாவ எப்படி ஒத்துக்க வைக்கறது. தெவசத்துக்கு இன்னும் முப்பது நாள் தானே, அது வரைக்கும் தாங்காதான்னு கேட்டேன். நிறுத்தி வை, எடுக்காதன்னு சொன்னாரு. நான் தலைய ஆட்டிட்டு அதே வண்டிய ஓட்டினு வூட்டுக்கு வந்தேன்.

தெவசத்துக்கு பதினோரு நாள் இருக்க சொல்ல, விசேஷ சாப்பாட்டுக்கு அரிசி வாங்க களம்பூர் மில்லுக்கு கெளம்பினோம். நான், அம்மா, அத்தை. பஸ்ல போலாம்னு சொல்லிப் பாத்தேன். ரெண்டு மூட்ட அரிசிய பஸ்ல யாரு தூக்குவான்னு அத்தை கேட்டாங்க. போற வழில ஆரணில ஃபிரேம் கடைல அண்ணன் படத்த வாங்கினோம். பெரிசு பண்ணி கண்ணாடி போட்ட படம். அம்மா சட்டத்துக்கு அந்த ஒரு புதுசு மட்டும் வெலக்கு, அது அவனுக்காச்சே. படத்த எங்க வைக்கறதுன்னு பாத்தா, பின்னாடி வச்சா அரிசி மூட்ட இடிக்கும். முன்னாடி அவனே உக்காரட்டும்னு சொல்லிட்டு அம்மா பின்னாடி ஏறிட்டா. நான் முன் சீட்டுல படத்த நிக்க வச்சேன். அத்தை, போலீசு புடிக்கும்டின்னு சொல்லி அதுக்கு சீட் பெல்ட்டு போட்டு வுட்டாங்க. நீலச் சட்டைல, குறுக்க சீட் பெல்ட்டோட, அண்ணன் நேரா ரோட்ட பாத்துகினு வந்தான். நான் கியர் மாத்த சொல்ல எல்லாம் ஓரக்கண்ணால அவன பாத்துகினேன். தப்பா மாத்தினா உச்சு கொட்டுவான் அவன்.

அரிசி ஏத்திகினு திரும்பி வர சொல்ல, களம்பூரு தாண்டினதும் டப்புனு ஒரு சத்தம். பெருசா ஒன்னும் இல்ல, பலூன் ஒடஞ்சா மாதிரி. அதுக்கப்புறம் சத்தமே இல்ல. இன்ஜின் நின்னுபோச்சி, வண்டி மட்டும் காத்துல போறா மாதிரி போய்கினே இருந்துது. எதுர்ல பாதி ரோட்டுக்கு நெல்லு காய வச்சிருந்தாங்க. பிரேக்க அமுக்கறேன், கல்லு மாதிரி கெட்டியா இருக்குது. தலவாணிய வுட்டு நழுவி, சீட்டு நுனிக்கு வந்து, பாதி படுத்துகினு, கட்ட வெரல ஊனி மெரிச்சேன். வண்டி நெல்லு மேல ஏறி, நடுவுல குந்திகினு இருந்த நெல்லுக்கார அம்மா ஒருத்தருக்கு நாலு முழம் முன்னாடி நின்னுது.

சாவிய திருப்பினேன். இன்ஜின் லேசா, ரொம்ப வேகமா சுத்திச்சி. நீளவாக்குல போற பாவு இழைய மாட்டாத தறிய மெரிச்சா எப்படி இருக்கும், அப்படி. எதுலயும் மாட்டாத சத்தம். எனக்கு அப்பவே தெரிஞ்சிபோச்சி. ஆனாலும் திருப்பினேன், திருப்பினேன், ஆறு வாட்டி திருப்பினேன்.

நெல்லுக்கார அம்மா எழுந்து வந்து என் மேல பாயாத கொற. மொதல்ல நெல்ல வுட்டு வண்டிய எடுன்னாங்க. மூனு பேரும் எறங்கி தள்ளினோம். ரெண்டு மூட்ட அரிசியோட வண்டி அசையுமா? அத்தை மூச்சு வாங்கிகினு டிக்கி மேல சாஞ்சிட்டாங்க. அப்ப அந்த நெல்லுக்கார அம்மா முன் கண்ணாடில உள்ள எட்டி பாத்தாங்க. வெய்யிலு கண்ணாடில அடிக்குது, உள்ள நீலச் சட்ட, சீட் பெல்ட்டு. அவங்களுக்கு வந்துது பாருங்க ஒரு கோவம்.

"மூனு பொம்பளைங்க வேகாத வெய்யில்ல தள்றாங்க, தொர மாதிரி பெல்ட்டு போட்டுகினு உக்காந்துனுக்கறியே, எறங்கி ஒரு கை குடுத்தா இன்னா தேஞ்சா பூடுவ?"

நான் அம்மாவ பாத்தேன். அம்மா என்ன பாத்தா. அத்தை வாய முந்தானைல மூடிகினாங்க, அந்த முந்தானைக்குள்ள இருந்து குக்கர் மாதிரி ஒரு சத்தம் வந்துது. நெல்லுக்கார அம்மா விடல, கண்ணாடிய தட்டறாங்க, காது கேக்கலயான்றாங்க.

அம்மா தான் வாய தொறந்தா. "அவன் உயிரோட இருக்க சொல்லயே எறங்க மாட்டான்மா."

சொல்லிட்டு சிரிச்சா. மொதல்ல சின்னதா, அப்புறம் நிக்க முடியாம நெல்லு மேலயே உக்காந்துட்டா. நானும் உக்காந்துட்டேன். அத்தைக்கு விக்கல் வந்துடுச்சி. நெல்லுக்கார அம்மா கதவ தொறந்து பாத்துட்டு, படம்னு தெரிஞ்சதும் கைய எடுத்து கும்புட்டாங்க, அதுக்கு நாங்க இன்னும் சிரிச்சோம். சிரிப்பா அழுகையான்னு எங்களுக்கே தெரியல, கண்ணுல கொட்டுது. கடைசில அவங்களும் சிரிச்சிகினே சொம்பு தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க. வண்டிக்கு கீழ இருந்த நெல்ல மட்டும் முறத்தால வாரிகினாங்க.

மெக்கானிக்குக்கு போன் போட்டேன். அவரு வர வரைக்கும் வெய்யிலுக்கு அம்மா வண்டில ஏறினா. பின்னாடி கதவு பக்கம் அத்தை படுத்துட்டதால டிரைவர் சீட்ல ஏறினா. ஒரு வருஷத்துல மொத வாட்டி. தலவாணி ரெண்டும் கீழ கெடந்துது. அம்மா முதுக சாச்சி உக்காந்து காலை நீட்டினா. ஒன்னும் எட்டல. இன்னும் நீட்டினா. அவ காலுக்கும் அந்த பிரேக்குக்கும் நடுவுல ஒரு முழம் இருந்துது. அந்த எடத்தயே பாத்துகினு இருந்தா. இவ்ளோ நீட்டா அவன் காலுன்னு கேட்டா. ஆமான்னேன். நீ எப்படி பிரேக்கு புடிச்சன்னு கேட்டா. புடிச்ச மாதிரி கீழ நெல்லு மேலயே படுத்து காட்டினேன். அதுக்கு அவ சிரிக்கல.

மெக்கானிக்கு வந்து மூடிய கழட்டினாரு. பெல்ட்டு அறுந்து சுருண்டு கெடந்துது. கீழ இருக்கற சக்கரத்தயும் மேல இருக்கற சக்கரத்தயும் ஒன்னா சுத்த வைக்கறது தான் அந்த பெல்ட்டாம். அறுந்தா மேல நின்னுடும், கீழ சுத்தும். மேல தொறந்து நிக்கற வால்வ கீழ இருந்து பிஸ்டன் வந்து இடிக்கும். அது எனக்கு நல்லா புரிஞ்சிது. தறில மிதிய மெரிச்சி பாவு வாய தொறக்கணும், அப்ப தான் குறுக்கு நூல இழுத்துனு நாடா உள்ள போகணும். வாய் தொறக்காம நாடாவ வுட்டா இழை மொத்தத்தயும் அறுத்துகினு போய்டும். அது தான் உள்ள நடந்திருக்குது. வால்வு எல்லாம் வளைஞ்சிருக்கும்னாரு.

நான் சாவிய எடுத்து அம்மா கைல குடுத்தேன். நடு ரோட்ல நின்னுடுச்சி. சொன்ன சொல்லு. மாமாவுக்கு போன் பண்ணிக்கோன்னேன். அம்மா சாவிய வாங்கிகினா. இத சரி பண்ண முடியுமான்னு மெக்கானிக்க கேட்டா. காயலான் கடைல இதே வண்டியோட பழைய ஹெட்டு, இன்ஜினோட மேல் பாகம், கெடைக்கும், அத எடுத்து மாட்டலாம், ஆனா பெல்ட்டு மட்டும் புதுசு தான்மா போடணும், பழசு இல்ல, நனைச்சது இல்ல, எண்ண பூசினது இல்ல, டப்பால இருந்து எடுத்த புதுசுன்னாரு.

"போடுப்பா"ன்னா அம்மா.

அத்தை விக்கலோட எழுந்து உக்காந்தாங்க. வருஷம் திரும்ப இன்னும் பதினோரு நாள் இருக்குதே அண்ணின்னாங்க.

"இருக்கட்டும். பழசு பழசுன்னு வச்சிகினு இவளயும் நெல்லுல வாரி குடுத்துட்டு போக சொல்றியா?"

அப்புறம் என் பக்கம் திரும்பி, சாவி வேணும்னா சீட்ட முன்னாடி தள்ளுன்னா. நான் முடியாதுன்னேன். அண்ணன் எடம்னேன். ஒரு வருஷமா யாரு கிட்டயும் சொல்லாதத அந்த நெல்லுக்கார அம்மா முன்னாடி, மெக்கானிக்கு முன்னாடி, மூக்கு ஒழுக சொன்னேன். அம்மா எல்லாத்தயும் கேட்டுட்டு, அவன் எடத்த நான் பாத்துக்கறேன், நீ தள்ளுன்னு மட்டும் சொன்னா.

வண்டிய கயிறு கட்டி இழுத்துனு போனாங்க. அண்ணன் படத்தயும் வண்டி கூடவே அம்மா அனுப்பிட்டா, வேல ஒழுங்கா நடக்குதான்னு அவன் பாத்துக்கட்டும்னு. மெக்கானிக்கு படத்த ஷெட்டு சுவத்துல மாட்டிகினாராம். எட்டு நாளு ஆளே இல்லாத நேரத்துல கூட யாரோ கொற சொல்றா மாதிரியே இருந்துது தங்கச்சின்னு என்கிட்ட சொன்னாரு.

தெவசத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி வண்டிய எடுக்க போனோம். அம்மா மடில இருந்து செவப்பு பட்டு இழை ஒன்ன எடுத்தா. நாங்க பாவுல ஒரு பொடவ முடியற எடத்துக்கு அடையாளமா கலர் இழை கட்டுவோம். அம்மா முட்டி போட்டு, சீட்டுக்கு கீழ கைய வுட்டு, சீட்டு ஓடற கம்பில, அண்ணன் சீட்டு நின்ன எடத்துலயே அந்த இழைய சுத்தி முடிச்சி போட்டா. எங்க வேணாலும் போய்ட்டு இங்க திரும்பி வரலாம்னு சொன்னா. மெக்கானிக்கு சீட்டு கம்பிக்கு ரெண்டு சொட்டு எண்ண வுட்டாரு.

நான் கண்ண மூடிகினு கம்பிய தூக்கி தள்ளினேன். சீட்டு கம்பில இருக்கற பல்லு பல்லா டக்கு டக்குன்னு முன்னாடி வந்துது. எண்ணினேன். ஏழு பல்லு. எனக்கும் எங்க அண்ணனுக்கும் நடுவுல ஏழு பல்லு தான்.

படத்த முன்னாடி வச்சி சீட் பெல்ட்டு போட்டேன். அம்மாவும் அத்தையும் பின்னாடி. ஷெட்டு வாசல்ல ஒரு ஆட்டோ குறுக்க வந்துது, பழக்க தோஷத்துல ஒடம்பு மொத்தத்தயும் நீட்டி பிரேக்க மெரிச்சேன். இப்ப காலு எட்டுதுன்றத மறந்துட்டேன். வண்டி ஆணி அடிச்சா மாதிரி நின்னுது. அம்மா என் சீட்டு முதுகுல வந்து மோதினா, அத்தை அம்மா மேல வுழுந்தாங்க, அத்தை மடில இருந்த வாழப்பழம் என் தோளுக்கு மேல பறந்து போய் முன் கண்ணாடில ஒட்டிகிச்சி. அண்ணன் மட்டும் அசையவே இல்ல. ரோட்டையே பாத்துகினு இருந்தான். உச்சு கொட்டினா மாதிரி கூட இருந்துது.